லாக்கர் எதுக்கு, அதான் அம்மா இருக்காங்களே!

"லாக்கர் எதுக்குடா, அதான் அம்மா இருக்காங்களே!"

சொன்னது என் மகள். வயது 24. சொன்ன இடம் ஒரு தீம் பார்க்கில் லாக்கர் கவுன்ட்டர் வாசல். சொன்ன நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை 10:50. அந்த நிமிடத்திலிருந்துதான் நான் மணி பார்க்க ஆரம்பித்தேன், அதனால் மறக்கவில்லை. இரண்டு நாளாகிவிட்டது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

லாக்கர் வாடகை 150 ரூபாய். அதை மிச்சம் பிடித்தார்கள். நுழைவு டிக்கெட் ஒருவருக்கு 1,500 ரூபாய். எனக்கும் அதே 1,500. ஏறி ஆடுபவருக்கு ஒரு விலை, பெஞ்சில் உட்காருபவருக்கு ஒரு விலை என்று அங்கே கிடையாது. 140 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டால் பெரியவர் டிக்கெட், அவ்வளவுதான். அறுபது வயதானால் கொஞ்சம் குறைப்பார்களாம், எனக்கு 54. போதாததற்கு ஜிஎஸ்டி. 2018 ஜனவரியில் தீம் பார்க் டிக்கெட்டுக்கு இதை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள், அந்தப் பதினெட்டையும் கட்டித்தான் உள்ளே போனேன். 150 ரூபாய் இரும்புப் பெட்டி செய்கிற வேலையை 1,500 ரூபாய் கொடுத்து ஒரு மனுஷி செய்துகொண்டிருந்தாள். யாருக்காவது இது உறைக்கிறதா?

"ஒரே ஒரு ரவுண்டும்மா, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக என் மேல் இறக்கினார்கள். மகனின் லேப்டாப் பை. ஞாயிற்றுக்கிழமை தீம் பார்க்குக்கு லேப்டாப் எதற்கு என்று கேட்டால் "ஆன் கால்மா" என்கிறான், ஆபீஸில் எப்போது கூப்பிட்டாலும் வேலை பார்க்கவேண்டுமாம். மகளின் தோள்பை. துண்டு, மாற்றுத்துணி வைத்த கட்டைப்பை. மூன்று ஜோடி செருப்பு. இரண்டு கூலிங் கிளாஸ். ஒரு பவர் பேங்க். மூன்று செல்போன். என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி வேறு. அவருக்கு முட்டி வலி, ஒரு மரத்தடியைப் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அது அவர் விருப்பம், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

அந்தக் கட்டைப்பையில் அடியில் என்ன இருந்தது தெரியுமா? எனக்கென்று வாங்கின நைலான் டிராயரும் முழுக்கை டாப்ஸும். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும், நனைந்தால் கனத்துக் காலையும் இழுக்கும். இதெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, போன வாரம் தி.நகர் போய், மூன்று கடை ஏறி இறங்கி, என் அளவுக்குக் கிடைக்காமல் நாலாவது கடையில் வாங்கினேன். கழுத்துப் பக்கம் விலைச் சீட்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக்கூட வெட்டவில்லை. நான் போட்டுக்கொள்ள வேண்டிய துணியை மடியில் வைத்துக்கொண்டு நானே காவல் உட்கார்ந்திருந்தேன்.

11:30. வரவில்லை. 12:00. வரவில்லை. வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. நகரலாம் என்றால் இத்தனை மூட்டையையும் தூக்கிக்கொண்டு எங்கே நகர்வது? கழிவறைக்குப் போகவேண்டும், போகமுடியாது. தண்ணீர் குடித்தால் மறுபடி போகவேண்டி வரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. மகனின் போன் அடிக்கிறது. மேனேஜர். எடுப்பதா வேண்டாமா? நின்றது. மறுபடி அடித்தது. பதினோரு தடவை. எண்ணினேன்.

எங்கள் சென்னைக்காரர்களுக்கு விஜிபி கோல்டன் பீச் பார்க்கில் நின்ற சிலை மனிதர் நினைவிருக்கும். சிரிக்காமல், அசையாமல் மணிக்கணக்காக நிற்பார், ஜனங்கள் சுற்றி நின்று சேஷ்டை செய்வார்கள். அவருக்காவது அது வேலை. மாசம் பிறந்தால் சம்பளம் வரும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா தீம் பார்க் திறந்தார்கள். அப்போது எனக்கு 24, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸ் தோழிகள் எல்லோரும் கிளம்பினார்கள். "வயசுப் பொண்ணு, கல்யாணம் ஆனப்புறம் புருஷனோட போ" என்றார் என் அப்பா. சரி. கல்யாணம் ஆயிற்று. போகலாம் என்று நாள் குறித்தபோது என் மகன் வயிற்றில் இருந்தான். கர்ப்பிணிகள் ஏறக்கூடாது, சரி. அப்புறம் 2006-ல் ஒருவழியாகப் போனோம். அவனுக்கு எட்டு, மகளுக்கு ஐந்து. இவள் எதற்கும் உயரம் போதாமல் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதாள். நான் இவளோடு கீழே நின்றேன். அவனும் அப்பாவும் மேலே சுற்றினார்கள். அன்றைக்கு நான் நின்றதில் ஒரு நியாயம் இருந்தது, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிள்ளைகள் வளரட்டும், அப்புறம் நாமும் ஏறலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்ந்துவிட்டார்கள். அவன் ஐந்தடி பத்து. இவள் என்னைவிட நாலு விரற்கடை உயரம். இன்னும் நான் பையோடு பெஞ்சில்தான் இருக்கிறேன்.

பக்கத்து பெஞ்சில் ஓர் அம்மா. ஆற்காட்டிலிருந்து வந்தவர். அவர் மடியிலும் மூட்டை, காலடியிலும் மூட்டை. என்னைப் பார்த்து, "உங்களுது எத்தனை பைம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த அத்தனை பெஞ்சிலும் அம்மாக்கள், அத்தைகள், பாட்டிகள். எல்லோர் மடியிலும் யாரோ ஒருவருடைய ஈரத் துண்டு. எல்லோரும் முழு டிக்கெட் வாங்கி வந்தவர்கள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்களுக்கு ஏறணும்னா போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். எனக்கு தல சுத்தும், எனக்கு வேணாம்" என்றார் அவர். பெற்ற பிள்ளைகளுக்குத் தோன்றாதது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தோன்றியது.

போனேன். கொலம்பஸ். அந்தக் கப்பல் முன்னும் பின்னும் ஆடுவதைப் பொருட்காட்சியில் கீழே நின்று எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், ஏறினதில்லை. வாசலில் போர்டு இருந்தது. நின்று முழுசாகப் படித்தேன். இதய நோய் உள்ளவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக்கூடாது. எனக்கு இதில் எதுவும் இல்லை. போன மாசம்தான் பிரஷர் பார்த்தேன், 120-க்கு 80. பக்கத்தில் உயரம் அளக்கும் கம்பம். நான் 152 சென்டிமீட்டர். பிள்ளை பெற்றவர்கள் ஏறக்கூடாது என்று அந்த போர்டில் எங்கேயும் எழுதவில்லை.

துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு வரிசையில் நின்றேன். இருபத்தைந்து நிமிஷம். முன்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள், "ஆன்ட்டி, ஓரத்து சீட்டுல உக்காருங்க, அதுதான் சூப்பரா இருக்கும்" என்றார்கள். கப்பல் நின்றது, ஒரு கூட்டம் இறங்கியது. சங்கிலியைக் கழற்றினார்கள். எனக்கு முன்னால் ஆறு பேர். ஐந்து பேர். நாலு பேர்.

"அம்மா! அம்மா!"

என் மகன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வருகிறான். பின்னால் இவள். அடிபட்டுவிட்டதோ, வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நின்றுபோனது. கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பையை யாருக்கிட்டம்மா விட்டுட்டு வந்த? அதுல லேப்டாப் இருக்கு, தெரியுமா தெரியாதா?" என்று கத்துகிறான். "யாருன்னே தெரியாதவங்கம்மா அவங்க" என்கிறாள் இவள். "முதல்ல வெளியே வா."

முதல்ல வெளியே வா. என்னிடம். நாற்பது பேர் பார்க்க.

அந்த நேரம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "போடா, ஏறிட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஓரத்து சீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நாளில் அதை நூறு தடவை மனசுக்குள் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போது சொல்கிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு சொல்கிறேன். அங்கே சொல்லவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது. கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். இருபத்தேழு வருஷப் பழக்கம், பிள்ளை கூப்பிட்டால் ஓடுகிற பழக்கம். அந்தக் காலேஜ் பிள்ளைகள் முகம் வாடிப்போய் என்னையே பார்த்தார்கள். பின்னால் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. கப்பல் கிளம்பிவிட்டது.

பெஞ்சுக்குப் போய்ப் பார்த்தால், பை அங்கேயேதான் இருந்தது. அந்த ஆற்காட்டு அம்மா லேப்டாப் பையின் வாரைத் தன் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணியைத்தான் இவர்கள் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை? இல்லை. ஜிப்பைத் திறந்து லேப்டாப் இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்தான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "பசங்கன்னா அப்படித்தாம்மா" என்றார். அப்படித்தான் என்று நாம் சொல்லிச் சொல்லியே இவர்கள் அப்படி ஆகிவிட்டார்களோ என்னவோ.

இதற்கு மேல் ஒன்று சொன்னாள் பாருங்கள் என் மகள்: "உனக்கு ஏறணும்னா சொல்லியிருக்கலாமேம்மா, நீ சொல்லவே இல்லையே."

புதன்கிழமை சொன்னேன். நைலான் துணி வாங்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் காட்டிச் சொன்னேன். "சூப்பர்மா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். காரில் போகும்போது சொன்னேன், காதில் இயர்போன். இன்னும் எப்படிச் சொல்வது? அவர்களுடைய ஆபீஸுக்கு மெயில் போடவா?

கேட்டில் என்னுடைய புளிசாதத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்ததையும், உள்ளே ஆறிப்போன ஃபிரைட் ரைஸுக்கு நாலு பேருக்கு ஆயிரத்துக்கு மேல் அழுததையும் நான் இங்கே விரிக்கப் போவதில்லை. வண்டலூர் ஜூவுக்குப் போன காலத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுசாதம் பிரித்தவர்கள் நாம், அந்த வயிற்றெரிச்சல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாப்பிட்ட பிறகு மணி மூன்று. "வேவ் பூல் இன்னொரு தடவை" என்று ஓடிவிட்டார்கள். மறுபடி பெஞ்ச். மறுபடி பை. இந்தத் தடவை, "நகராதம்மா, ப்ளீஸ்" என்று உத்தரவு வேறு.

வீட்டுக்கு வந்ததும் மகள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள். 'ஃபேமிலி டே' என்று போட்டு, சிவப்பு இதயம் நாலு. பதினாறு போட்டோ. ஒன்றில்கூட நான் இல்லை. எப்படி இருப்பேன், எடுத்தது நான்தானே! என் அக்கா போன் பண்ணி, "ஏன்டி, நீ போகலையா?" என்று கேட்கிறாள். போனேன் அக்கா. காலை 10 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணி வரை அங்கேதான் இருந்தேன்.

அடுத்த மாசம் பெங்களூரு பக்கம் ஒன்று இருக்கிறதாம், போகலாமா என்று பேச்சு ஆரம்பித்திருக்கிறது. வருகிறேன். லாக்கருக்கு 150 ரூபாயைத் தனியாக எடுத்து அந்த நைலான் டாப்ஸுக்குள் சுருட்டி வைத்துவிட்டேன். என் கையில் ஒரு கைக்குட்டைகூடக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவேன், லேப்டாப்பாக இருந்தாலும்.

அப்புறம் இன்னொன்று. ஈரத் துண்டை மெத்தை மேல் போடாதீர்கள், போடாதீர்கள் என்று இருபது வருஷமாகச் சொல்கிறேன். இரண்டு கொடிக்கயிறு கட்டியிருக்கிறேன் இந்த வீட்டில், பால்கனியில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நனைந்த துண்டு இரண்டும் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வரை மெத்தை மேலேயேதான் கிடக்கின்றன. அறைக்குள் கால் வைக்க முடியவில்லை, முடைநாற்றம். நான் எடுக்க மாட்டேன். இந்தத் தடவை சத்தியமாக எடுக்க மாட்டேன்.