"ஃபிக்ஸ்" என்று எழுதியவர்தான் உடைத்தவரா?

நேற்று சுற்றிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கமிட் செய்திகளில் (நிரலில் செய்த மாற்றத்தைப் பதியும்போது எழுதும் சிறு குறிப்புகள்) யார் எந்தச் சொல்லை எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி, "ஃபிக்ஸ்" (திருத்தம்) அதிகம் எழுதியவர்களை அதிகம் உடைத்தவர்கள் என்று பட்டைகளாக வரிசைப்படுத்தி, கீழே ஒரே சிரிப்பு. பட்டியலில் இருப்பதால்தான் எனக்கு எரிச்சல் என்பீர்கள். ஆமாம், இருக்கிறேன். அதனால் நான் சொல்வது தப்பாகிவிடாது.

"ஃபிக்ஸ்" என்று எழுதியவர் சரிசெய்தவர். உடைத்தவர் "புது வசதி சேர்ப்பு" என்று எழுதிவிட்டு எப்போதோ போயிருப்பார்.

எண்ணிக்கையாவது சரியா? வெறுமனே ஃபிக்ஸ் என்று கிரெப் (எழுத்துகளைத் தேடும் கருவி) செய்தால் ப்ரீஃபிக்ஸ், சஃபிக்ஸ், ஃபிக்ஸ்சர் எல்லாம் வந்து விழும். பக் (பிழை) என்று தேடினால் டீபக்கும் வரும். அப்புறம், பத்து கமிட்டை ஸ்குவாஷ் செய்து, அதாவது ஒன்றாகச் சுருக்கி, இணைப்பவருக்குக் கணக்கில் ஒன்று, அப்படியே விடுபவருக்குப் பத்து.

"டேட்டா பொய் சொல்லாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கமிட் செய்திகளில் "ஃபிக்ஸ்" போன்ற சொற்களைத் தேடுவது பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க 2005-ல் வந்த எஸ்இசட்இசட் என்ற ஆய்வு முறையிலேயே இருக்கிறது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் அந்தச் சொல்லோடு நிற்கவில்லை. திருத்தப்பட்ட வரியை அதற்கு முன் மாற்றியது எந்தக் கமிட் என்று பின்னோக்கிப் போனார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், திருத்தும் கமிட்டின் செய்தியில் "ஃபிக்ஸஸ்" என்று ஒரு வரி போடுவார்கள். அதில் இருப்பது பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் எண். சரிசெய்தவரைக் குற்றவாளி ஆக்குவது அங்கெல்லாம் இல்லை.

சிலர் வெறும் "மாற்றம்", "மறுபடி" என்று எழுதுகிறார்கள், உண்மைதான். அதைத் திட்டுங்கள், நானும் வருகிறேன்.

ஒருமுறை நிரலில் தேவையில்லாததாகத் தெரிந்த ஒரு சோதனையை நீக்கப் போனேன். எதற்கும், ஒரு வரியை யார் எந்தக் கமிட்டில் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன். வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் கமிட் செய்தியில் எழுதியிருந்தார்: "நேரம் இனி மில்லிவிநாடியில். பழைய பதிவுகள் இன்னும் விநாடியில்தான். இந்தச் சோதனையை எடுக்காதீர்கள்." அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அன்று என்னைக் காப்பாற்றியது அந்த மூன்று வரி. உங்கள் பட்டையில் அதற்கு இடம் எங்கே?

"சும்மா விளையாட்டுக்குத்தானே" என்கிறீர்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஏன், எப்படி என்று ஒரு பத்தி எழுதுவாள். அவள் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்று காலை அவள் போட்ட நான்கு கமிட்டையும் பார்த்தேன். நான்கிலும் ஒரே சொல், "அப்டேட்".