பாட்டா கேட்டதில் என்ன தப்பு?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பேரிடர் திட்டத்தைச் சொல்வதற்காகச் செவ்வாய்க்கிழமை நடந்த கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் எழுந்து நிற்கும் பெரியவர், நாங்கள் பாட்டா என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஊர்க்காரர். மைக் கைக்கு வருவதற்கு முன்பே "உட்காருங்க, உட்காருங்க" என்று சத்தம். அவர் பேசியது ஒரே வாக்கியம்: "முகாம்னு போட்டிருக்க பள்ளிக்கூடத்துலதான் முதல்ல வெள்ளம் கேறும்." மேடையிலிருந்து வந்த பதில்: "இது தகவல் சொல்ற கூட்டம், கருத்துக் கேட்கிற கூட்டம் இல்ல." வீடியோவுக்குக் கீழே நம்ம ஆட்களே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் 19 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பாட்டா சொன்னது உண்மை. ஒவ்வொரு பெருமழையிலும் அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் போட்டது நானும் சமையல் அக்காவும்தான். வெள்ளம் வடிந்ததும், அது நின்ற உயரத்தில் ஸ்டோர் ரூம் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு இழுத்து வருடத்தை எழுதி வைப்பேன். 2021 நவம்பர் கோடு என் இடுப்புக்கு மேலே இருந்தது. அப்புறம் ஒரு விடுமுறையில் வெள்ளையடித்தார்கள், கோடெல்லாம் போயிற்று. முகாம் பட்டியல் போட வந்தவர்கள் பார்த்தது அந்த வெள்ளைச் சுவரை. சுவர் சொல்லாததைப் பாட்டா சொன்னார். அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். திட்டம் போடுவதற்கு முன்னால் ஊரில் இருப்பவர்களிடம் கேளுங்கள். போட்டு முடித்து, அச்சடித்து, அட்டை போட்ட பிறகு கூப்பிட்டு டீயும் வடையும் தராதீர்கள். இது என் சொந்த ஆசை இல்லை. மாவட்டத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துதான் தயாரிக்க வேண்டும், ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 31-வது பிரிவில் சொல்கிறது. கேட்பது சலுகை இல்லை, சட்டம்.

"எல்லார்கிட்டயும் கேட்டா எப்போ வேலை முடியும்?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எல்லாரையும் கேட்க வேண்டாம் தம்பி. ஊருக்கு நாலு பேர் போதும். அங்கன்வாடி ஊழியர், கிராம செவிலியர், குளத்து மடையைத் திறந்து அடைக்கிறவர், படகில் போய் வருகிறவர். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்தப் பெண்ணுக்கு ஒன்பதாவது மாதம், எந்த ஓடை எந்த வீட்டுப் பின்னால் அடைத்துக்கொள்ளும் என்று அந்த நாலு பேருக்கும் தெரியும். ஒரு மதியம் உட்கார்ந்தால் எழுதி முடித்துவிடலாம்.

நம்ம மாவட்டத்துக்கு இது இன்னும் முக்கியம். பேச்சிப்பாறை அணை 48 அடி, பெருஞ்சாணி அணை 77 அடி. மலையில் இரவெல்லாம் கொட்டினால் உபரிநீரைத் திறப்பார்கள். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்த நேரம் கடல் பொங்கி நின்றாலோ, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தை மணல் மூடியிருந்தாலோ, வெள்ளம் எங்கே போகும்? திரும்பி நம்ம தோட்டம் விளைக்குள்தான் வரும். மலையில் பெய்வது கடற்கரை வீட்டுக்குள் வந்து நிற்கிற மாவட்டம் இது. ஆனால் அணை ஒரு துறை, குளம் ஒரு துறை, சாலை ஒரு துறை, பொழிமுகம் இன்னொரு துறை. அந்தத் திட்டப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம். தண்ணீருக்கு அத்தியாயம் தெரியாது. அணையில் மதகைத் தூக்கினால் எங்கள் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் வெள்ளம் வரும் என்று அதில் தேடிப் பார்த்தேன். இல்லை. பாட்டாவிடம் கேட்டால் சொல்வார்.

"ஆத்துக்கரையில வீடு கட்டிட்டு அரசாங்கத்தைக் குறை சொல்றீங்க" என்று எழுதியவருக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னைக் குத்தியது. எங்கள் வீடு 1978-இல் அப்பா கட்டியது. அப்போது வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் குளம் இருந்தது, குளத்துக்குக் கீழே வயல். மழைவெள்ளம் குளத்தில் தங்கி, வயலில் பரந்து, மெதுவாக ஆற்றுக்குப் போகும். வயலை வாழைக்கு மாற்றினார்கள், வாழையை வீட்டு மனைக்கு மாற்றினார்கள், குளத்தில் பாதியை மண் போட்டு மூடிப் பாதை போட்டார்கள். பாதைக்குக் கீழே வைத்த குழாய் ஒரு ஆள் குனிந்து போகிற அகலம்கூட இல்லை. நாங்கள் ஆற்றுக்குள் போகவில்லை அண்ணா, ஆறு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான்குவழிச்சாலைக்காக எத்தனை குளத்தின் நடுவில் மண் கொட்டினார்கள் என்று இந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? அதைத் தடுக்க நீதிமன்றம் வரை போனவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்றவர்களும் நம்ம ஆட்கள்தான்.

அரசு ஊழியர்கள் எல்லாரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒக்கி புயல் முடிந்து வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியக்காரர்கள் இருட்டிலும் கம்பம் ஏறி வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். சரி, அதை இத்துடன் விடுகிறேன்.

ஒக்கி என்று எழுதியதும் கை நடுங்குகிறது. 2017 நவம்பர் 30. எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு இன்சுலின். பிரிட்ஜ் ஓடாது. பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதில் மருந்துக்குப்பியை வைத்து ஈரத்துணியால் மூடினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மணலை நனைப்பேன். எங்கள் ஊரில் இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று திட்டத்தில் இருக்கிறதா? கிராம செவிலியரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை யாராவது கேட்டார்களா?

சாய்ந்த ரப்பருக்குக் கணக்கெடுத்தார்கள், தோட்டக்காரருக்கு ஏதோ கிடைத்தது. அந்த மரத்தில் பால் வெட்டிப் பிழைத்தவருக்கு? புது ரப்பர்க் கன்று வைத்தால் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடம் அவர் எதைத் தின்பார்? அவருக்குப் பட்டா இல்லை, அதனால் பட்டியலிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டத்துக்கு வரும்போது என் பக்கத்தில் உட்காருகிற அக்கா ஒருத்தி, தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர். அவள் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போய் நாள் கணக்காகியிருந்தது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர் அது எட்டாத தூரத்தில் இருந்தார். பத்து நாள் கழித்து நான் பார்க்கப் போனேன். ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் பத்து ரூபாய் கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தாள். தினமும் அப்படித்தானாம். "அவரு கூப்பிட்டா அணைஞ்சு கிடக்கக் கூடாதுல்லா" என்றாள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அந்த டிசம்பர் 7-ஆம் தேதி கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டத்தில் அவளும் இருந்தாள். அன்றைக்கும் இதே மாதிரி, "இவங்களால ரயில் லேட்டு" என்று எழுதினார்கள். கடல்காரர் துக்கம் கரைக்காரருக்குத் தொந்தரவு. இப்போது பாட்டா கேட்டது கூட்டத்துக்குத் தொந்தரவு.

அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் இருப்பது மாநிலத்தின் அந்தக் கோடியில், நாம் இருப்பது இந்தக் கோடியில். அவர்கள் வந்து சேரும்வரை அந்த முதல் இரவைத் தாண்ட வைப்பது பக்கத்து வீடுதான். 2021-இல் என்னையும் அம்மாவையும் தோளில் கைகொடுத்து மேட்டுக்கு ஏற்றியது யார் தெரியுமா? வீடியோவில் நீங்கள் சிரித்த அதே பாட்டாதான். முகாம் என்று சொன்ன பள்ளிக்கூடத்துக்குப் போகாதீங்க மக்கா, மேட்டுத்தெரு சர்ச் மாடிக்கு வாங்க என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு போனார். அவர் பின்னாலேயே போய் ஏறினோம். எங்கள் தெரு மொத்தமும் அந்த மாடியில்தான் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. அந்த சர்ச் இன்றைக்கும் முகாம் பட்டியலில் இல்லை.

எங்கள் ஊர்ப் பட்டியலை நானும் சமையல் அக்காவும் கிராம செவிலியரும் நேற்று ராத்திரி ஒரு நோட்டில் எழுதிவிட்டோம். 43 வீடு, படுத்த படுக்கையாக 6 பேர், இன்சுலின் போடுகிறவர்கள் 9 பேர். பாட்டா சொல்லச் சொல்ல வெள்ளம் ஏறும் வரிசையையும் எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியதற்குச் சீல் போட்டுத் தரச் சொல்லப்போகிறோம். பாட்டாவும் வருகிறார். கூட வருகிறவர்கள் ஒன்பதரைக்கு ஜங்ஷனில் நில்லுங்கள்.