பலகையைப் படித்துவிட்டுக் கேமராவை எடுங்கள்

ஜப்பானியக் கோயிலொன்றில் படமெடுக்கப்போன நம்மவரைத் தடுக்கும் அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கோயில் ஊழியர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்ததை அவமானம், இனவெறி என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஆறுதல் சொல்ல அத்தனை பேர். ஊழியருக்குப் பின்னால், தூணில், கேமரா படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை தெளிவாகத் தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ள ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

“வேற கோயில்ல விட்டாங்களே” என்பது ஒரு வாதமே இல்லை. ஜப்பானில் கோயிலுக்குக் கோயில் விதி மாறும். ஒரே கோயிலுக்குள் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். நாரா தோதாய்ஜியில் சுமார் 15 மீட்டர் உயரப் பெரிய புத்தரை மண்டபத்துக்குள் நின்றே எடுக்கலாம். கியோத்தோ சன்ஜூசன்கென்தோவில் கருணையின் வடிவமான கன்னோனின் 1001 சிலைகள் நிற்கும் மண்டபத்துக்குள் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. உஜியின் ப்யோதோஇன்னில் குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம், மண்டபத்துக்குள் நுழைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இசே பெருங்கோயிலின் உள்கோயிலில் கல் படிக்கட்டுக்குக் கீழே வரைதான் அனுமதி. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் முதலில் பலகை, அப்புறம்தான் கேமரா.

அனுமதி உள்ள இடத்திலும் வேலை இருக்கிறது. ஃப்ளாஷை அணைத்தால் மட்டும் போதாது. ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கு இருட்டு மண்டபத்தில் தானாக எரியும். மெனுவுக்குள் போய் அதையும் அணைக்க வேண்டும். ஜப்பானில் விற்கும் ஃபோன்களில் பெரும்பாலும் ஷட்டர் சத்தத்தை நிறுத்த முடியாது, அதனால் பௌத்த சூத்திரம் ஓதும் நேரத்தில் ஃபோனை உள்ளே வையுங்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஓவியம் தீட்டிய கதவில் இடிப்பது அதுதான். ட்ரைபாடைப் பல கோயில்கள் தடுப்பதற்குக் காரணம் உண்டு. கால்கள் மரத்தரையைக் கீறும், பாசித் தோட்டத்தில் ஊன்றினால் பாசி பெயர்ந்து வரும், குறுகிய நடையில் பின்னால் வருகிறவர்கள் நின்றுவிட வேண்டியிருக்கும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, ஷட்டர் 1/60 நொடியில், முழங்கைகளை உடம்போடு ஒட்டி எடுத்தால் கையிலேயே ஆடாமல் வரும்.

கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இரவு பகலாகத் திறந்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் வரிசையாக நிற்கும் தோரி என்னும் மர வாசல்களுக்கு நடுவே ஆளில்லாத படம் கிடைக்கும். அந்த ஆரஞ்சுச் சிவப்பில் வெயில் பட்டால் சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, மரத்தின் நுணுக்கம் எல்லாம் அழிந்து ஒரே பூச்சாகிவிடும். கேமராவின் எக்ஸ்போஷர் அளவில் வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். இத்தனையும் தாராளமாக எடுக்கலாம் என்கிறபோது, கயிற்றுக்கு மேல் கையை நீட்ட வேண்டிய அவசியம் என்ன?

“படம் எடுத்தால்தானே ஆவணம்?” என்று கேட்பீர்கள். நாராவின் பழைய கோயிலான ஹொரியூஜியைப் பாருங்கள். 1949 ஜனவரி 26 அன்று அதன் பொன்மண்டபத்தில் தீப்பிடித்துச் சுவரோவியங்கள் கருகின. 1967-68இல் அவற்றை மறுபடி வரைய உதவியவை 1935இல் முறையாக எடுக்கப்பட்ட, ஓவியத்தின் அளவுக்கே இருந்த கண்ணாடித் தகட்டுப் படங்கள். ஆவணம் அப்படித்தான் உருவாகிறது. தள்ளுமுள்ளில் ஃபோனைத் தூக்கிப் பிடித்து எடுத்த ஆடிய படம் எதற்கு ஆவணம்?

“படத்தை அவர்களே அஞ்சலட்டையாக விற்கிறார்களே?” விற்கட்டும். அவர்கள் கோயில்.

“நாங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, வரி கட்டி இங்கேயே வாழ்கிறோம்.” இதுதான் எனக்கு வலிக்கிறது. வாழ்கிறவர் இன்னொரு நாள் வரலாம், விதி தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2015இல் நாகானோ ஜென்கோஜி கோயிலின் விழா நடுவே ஒரு ட்ரோன் விழுந்தது. 2024இல் கியோத்தோவின் கியோன் பகுதியில் உள்ள தனியார் சந்துகளில் வெளியாட்கள் நுழையவே தடை வந்தது. யாரோ எல்லை மீற, கதவு எல்லோருக்கும் மூடுகிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று சொன்னபோது நம்மில் எத்தனை பேர் வரவேற்றோம்! நம் கருவறைக்கு ஒரு நியாயம், அவர்கள் கருவறைக்கு வேறொன்றா?

அந்தக் காணொளியின் பின்பாதியைப் பற்றி யாருமே பேசவில்லை. குழந்தைகளைக் காப்பவராக வணங்கப்படும் ஜிசோவின், சிவப்புத் துணி கட்டிய சின்னச் சிலைகளை ஒவ்வொன்றாக நெருங்கிப்போய் எடுத்து, மேலே துள்ளல் பாட்டு வேறு. பல கோயில்களில் அவை கருவிலேயே போன, பிறந்து இறந்த குழந்தைகளுக்காகப் பெற்றவர்கள் வைத்தவை. தோக்கியோ ஜோஜோஜியில் காற்றாடிகளோடு நிற்கும் வரிசையிலும் அப்படி இழந்த குழந்தைகளின் நினைவு இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் தள்ளி நின்று முழு வரிசையையும் எடுங்கள். யாராவது குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தால் அதுவும் வேண்டாம்.

வேண்டுதலை எழுதிக் கோயிலில் தொங்கவிடும் எமா பலகைகளும் அப்படித்தான். அந்த மரத் துண்டுகளில் பெயர், ஊர், சில சமயம் நோயின் பெயர்கூட எழுதியிருக்கும். ஏற்கெனவே நீங்கள் போட்ட படங்களில் எமா இருந்தால் இன்றைக்கே பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து வாசிக்க வந்தால் அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள்.