திருகோணமலைக்கென்று ஒரு தொலைக்காட்சி

ரூபவாஹினிதான் இலங்கையின் முதல் தொலைக்காட்சி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது 1982இல் ஜப்பான் உதவியோடு வந்தது. அதற்கு முன்பே, 1979 ஏப்ரல் 13 அன்று, கொழும்புக்கு அருகே பன்னிப்பிட்டியில் ஒரு தோட்டத்திலிருந்து ஐ.ரி.என். (சுயாதீன தொலைக்காட்சி வலையமைப்பு) ஒளிபரப்பைத் தொடங்கிவிட்டது. சான் விக்கிரமசிங்கவும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆரம்பித்த தனியார் நிலையம். கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி அதன் அலை போகவில்லை. அதாவது, நாட்டின் முதல் தொலைக்காட்சியே ஓர் உள்ளூர் நிலையம்தான். இரண்டு மாதம் முடிவதற்குள் அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது வேறு கதை. வேறு கதை என்ன, அதே கதைதான், பிறகு வருகிறேன்.

இங்கே திருகோணமலையில் நாங்கள் கூரைக்கு மேல் அன்டெனாவை உயர்த்திக் கொழும்பு காட்டியதைப் பார்த்தோம். தமிழில் 1998இல் சக்தி ரி.வி. வந்தது, 2009இல் வசந்தம் ரி.வி. வந்தது. நல்லது. ஆனால் எங்கள் மாவட்டம் என்றால் அவற்றுக்கு ஒரு பிராந்தியச் செய்தியாளர். மனுசன் மூதூருக்கும் குச்சவெளிக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடி எடுத்து அனுப்பினால் அரை நிமிடம் போகும், அதுவும் அமைச்சர் யாராவது வந்திருந்தால்.

2022 ஜனவரியில் எங்கள் ஊர் எண்ணெய்க் குதங்களைப் பங்கிட்டார்கள். 99இல் 24 அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. குதங்கள் சீனக்குடாவில், விவாதம் கொழும்பு ஸ்டூடியோவில். சீனக்குடாச் சனத்தை உட்காரவைத்து ஒரு மணித்தியாலம் பேசவிட்ட நிகழ்ச்சி எதையும் நான் பார்க்கவில்லை.

ஊர்ப் படத்தை ஊர்க்காரர் எடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2006ஐ விட வேறு சாட்சி வேண்டாம். ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை வெளியே காட்டியவை சுடர் ஒளி பத்திரிகையின் உள்ளூர்ச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக்கொன்றார்கள்.

இப்போதுதான் ஃபேஸ்புக் லைவ் இருக்கிறதே என்பார்கள். சரி, கோணேசர் நகர்வலத்தையும் நவராத்திரிக் கும்பத்தையும் ஆளாளுக்குப் போனில் போடுகிறார்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் அடுத்த வருடம் தேடினால் அது கிடைக்காது. பிழையான செய்தி போய்விட்டால் திருத்துவதற்குப் பொறுப்பான ஆள் இல்லை. நிலையம் என்றால் ஒரு செய்தி ஆசிரியர் வேண்டும், பழைய பதிவுகளைக் காப்பாற்றி வைக்க ஓர் அறை வேண்டும், மழையோ வெயிலோ குறித்த நேரத்துக்குச் செய்தி போகவேண்டும்.

கமெராவும் எடிட்டிங்கும் தெரிந்த பிள்ளைகள் இங்கே தாராளம், பாதிப்பேர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் அனுமதிப்பத்திரம். தனியார் தொலைக்காட்சிக்கு அனுமதி கொடுப்பது 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கையில். ஐ.ரி.என். கதையை 'அதே கதை' என்றது இதைத்தான். 1997இல் ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்று வந்தபோது, அந்த அதிகாரசபை அரசாங்கத்திடமிருந்து சுயாதீனமாக இல்லை என்று உயர் நீதிமன்றமே தடுத்தது. உண்மையிலேயே சுயாதீனமான ஒரு சபைக்காக எங்கள் எம்.பி.மார் பாராளுமன்றத்தில் ஒரு தடவையாவது வாய் திறக்கட்டும்.

அதுவரை யூடியூபிலாவது தினமும் அரை மணித்தியாலம் தொடங்கலாம்: மீன் விலை, ஆஸ்பத்திரி நிலவரம், உள்ளூராட்சி சபைக் கூட்டம், கொஞ்சம் சிங்களத்திலும். நகைக்கடை, மண்டபக்காரர் விளம்பரம் தருவார்களா என்று யாராவது கேட்டுப் பாருங்கள்.