சூழலியல் படிக்கச் சேர்பவர்கள் முதலில் செடிகளைப் படியுங்கள்

பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கப் போகிறேன், எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அந்த ஊர் மண்ணில் இயல்பாக வளரும் தாவரங்களை அடையாளம் காணக் கற்றுத்தரும் பாடம் இருந்தால், முதல் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். பருவநிலை மாற்றம், கொள்கை, செயற்கைக்கோள் படம் எல்லாம் அப்புறம் வரலாம்.

செயலியில் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுமே என்கிறார்கள். பூத்து நிற்கும் செடிக்குச் சரி. பூவில்லாத புல்லுக்கும், இரண்டு இலை விட்ட நாற்றுக்கும் செயலி அடிக்கடி திணறும். களத்தில் நீங்கள் ஓயாமல் சந்திக்கப்போவது அவற்றைத்தான். தரையில் சதுரச் சட்டத்தை வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் எண்ணும்போது, தண்டை விரலால் உருட்டிப் பார்த்து முக்கோணமாக இருந்தால் அநேகமாகக் கோரை, உருண்டையாகக் கணுவோடு இருந்தால் புல் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அங்கே பிசகினால் அதன்மேல் எழுப்பும் புள்ளிவிவரம் முழுக்கப் பிசகும்.

பெயரோடு நின்றுவிடும் படிப்பும் அல்ல இது. வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் சிக்கடி என்ற சிறு பறவையை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. தோட்டத்துத் தாவரங்களில் 70 சதவீதத்துக்குக் குறைவாக நாட்டுத் தாவரங்கள் இருந்த இடங்களில் அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடியவில்லை. காரணம் புழுக்கள். இலைதின்னும் புழுக்களில் பெரும்பாலானவை தமக்குப் பழகிய சில தாவரக் குடும்பங்களைத்தான் தின்னும். அயல்செடி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அவற்றுக்கு அது வெறும் தட்டு. புழு இல்லையென்றால் குஞ்சுக்கு இரை இல்லை.

அதற்காக அயல்செடி எல்லாவற்றையும் வெறுப்பதும் சூழலியல் ஆகாது. மனிதர்கள் 37,000-க்கும் மேற்பட்ட அயல் இனங்களைப் புதிய இடங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவற்றில் கேடு செய்பவை என ஆதாரத்தோடு பட்டியலானவை 3,500-க்கும் மேல் என்கிறது, பல்லுயிர் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பின் 2023 அறிக்கை. எது பத்தில் ஒன்று, எது மற்ற ஒன்பது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டுமே!

மரம் நட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 9,000 தாவர இனங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அதன் பெரும்பகுதி ஃபின்போஸ் என்ற புதர்நிலம். அங்குள்ள புரோட்டியா என்ற பூப்புதர்களில் பல, தீ வந்து போன பிறகுதான் மூடிவைத்த விதைகளை உதிர்க்கும். அங்கே வெளியிலிருந்து வந்த பைன்களும் ஆஸ்திரேலிய அக்கேசியாக்களும் பரவி ஓடைநீரைக் குடித்தன. 1995 முதல் அரசே கூலி கொடுத்து அந்த மரங்களை வெட்ட வேண்டியிருக்கிறது. மரத்தை வெட்டுவதுதான் அங்கே பாதுகாப்பு. இதை நடுகை விழா மேடையில் யாரும் சொல்வதில்லை. அந்த நிலத்தின் செடிகளைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால்தான் களவகுப்பைக் குறைத்துத் திரையில் பாடம் நடத்தும் துறைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. செலவு, காப்பீடு, நேரம் என்று காரணங்கள் சொல்வார்கள். வேதியியலை ஆய்வகம் இல்லாமல் நடத்தச் சம்மதிப்பார்களா?

சேரும் முன் துறையில் நேரடியாகக் கேளுங்கள். பருவத்துக்கு எத்தனை களவகுப்பு? மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறதா? புல்லையும் கோரையையும் பிரித்துக் காட்டும் ஆசிரியர் ஒருவராவது இன்னும் பணியில் இருக்கிறாரா? இருந்தால் அவர் ஓய்வு பெறும் முன் அங்கே சேருங்கள்.