நஷ்டம் வந்தா யார் சார் கட்டுவா?

மாணவர்களைத் தொழில் தொடங்கச் சொன்ன அந்தக் கூட்டத்தின் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் போடவில்லை. ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "நஷ்டம் வந்தா யார் சார் கட்டுவா?" என்று கேட்கிறாள். சிறப்பு விருந்தினர், "இவ்வளவு பயம்னா நீ கிளார்க் வேலைக்குத்தாம்மா லாயக்கு" என்கிறார். அரங்கமே சிரிக்கிறது. கமெண்டில் நம்ம ஊர்க்காரர்களும் சிரித்து வைத்திருக்கிறார்கள். நல்லா இருங்க.

அன்றைக்கு அங்கே கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

எம்.பி.ஏ.வில் என் புராஜெக்டே மாணவர்களின் தொழில்முனைவு எண்ணம் பற்றித்தான். ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் 1991-ல் எழுதிய கட்டுரையை வைத்து இன்றைக்கும் கேள்வித்தாள் தயாரிக்கிறார்கள். அவர் கணக்கில் எண்ணம் உருவாக மூன்று வேண்டும்: காரியம் பிடித்திருக்க வேண்டும், வேண்டியவர்கள் சரி என்க வேண்டும், நம்மால் முடியும் என்று தோன்ற வேண்டும். விருந்தினர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு "வெறி வேணும், வெறி வேணும்" என்று முழங்கிவிட்டுப் பொன்னாடையோடு போய்விட்டார். ஆசை இல்லாத பிள்ளை யார் ஐயா? விழுந்தால் தாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கும் ஆசை இருந்தது. உடன்குடிக் கருப்பட்டியில் மிட்டாய் போட்டு, பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்று. வங்கியில் முதல் கேள்வியே, "அப்பா பேர்ல பட்டா இருக்கா?" பிணையில்லாக் கடனுக்கென்றே 2000-லிருந்து அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதைச் சொன்னதும் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரியப்பா, "ஏல, மிட்டாய் விக்கவா ஒன்னைய படிக்க வச்சோம்?" என்றார். அம்மா திட்டவில்லை. மடியில் சுளகு, சுருட்டிய பீடியில் நூலைச் சுற்றிக்கொண்டே, "குழு லோன் முடியட்டும்யா" என்றாள்.

"புதுசா தொழில் தொடங்குறவங்களுக்குத் தமிழக அரசோட நீட்ஸ் திட்டம் இருக்கே அண்ணாச்சி" என்பீர்கள். இருக்கிறது, 25 சதவீதம் மானியம், நல்ல திட்டம்தான். ஆனால் திட்டச் செலவே 10 லட்சத்துக்கு மேல். பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும், அதாவது குறைந்தது ஐம்பதாயிரம். பீடி சுற்றும் வீட்டில் அதை எந்தப் பானைக்குள் தேடுவது? மீதிக் கடன் யார் தலையில்?

 

மேடையில் வ.உ.சி.யை வேறு இழுத்தார்கள். 1906-ல் கப்பல் கம்பெனி, சரி. அப்புறம்? 1908-ல் சிறை. 1912-ல் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் (தொழில் உரிமம்) இல்லை. யார் யாருக்குக் கடன் பாக்கி என்று உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போன மனிதர் அவர். அந்தப் பக்கத்தை மட்டும் எவரும் மைக்கில் வாசிப்பதில்லை.

"சம்பளத்துக்குப் போறவன் தொழிலைப் பத்திப் பேசலாமா?" என்று இன்பாக்ஸில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவின் குழு லோன் முடிந்தது. வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?