வுண்டகோர் மலைக்காரர்களுக்கு ஒரு நல்ல கதை பாக்கி இருக்கிறது

மார்வெல் காமிக்ஸில் எழுதியவர்களாலேயே கைவிடப்பட்டவர்கள் யார் என்று கேட்டால், நான் நியூ மென் கூட்டத்தைத்தான் சொல்வேன். அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென் பற்றி விடிய விடியப் பேசுகிற நண்பர்கள்கூட இவர்களைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1966இல் வந்த ‘தோர்’ 134ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஹை எவல்யூஷனரி என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இயற்பெயர் ஹெர்பர்ட் விண்டாம், பரிணாமத்தைக் கையில் எடுத்துக்கொண்ட விஞ்ஞானி. டிரான்சியா என்ற கற்பனை பால்கன் நாட்டில், வுண்டகோர் மலையில் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறார். சாதாரண விலங்கை எந்திரத்துக்குள் விட்டு, நிமிர்ந்து நடக்கிற, பேசுகிற, யோசிக்கிற பிறவியாக வெளியே எடுக்கிறார். அவர்கள்தான் நியூ மென். சிலருக்குக் கவசம் மாட்டி, ‘சர்’ பட்டம் கொடுத்து, வானத்தில் பறக்கிற வண்டியும் கொடுத்து வுண்டகோரின் வீரர்கள் ஆக்கிவிடுகிறார்.

அந்தக் கதையில் என்னை நிறுத்திப் பிடித்தது சண்டை அல்ல. இவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை தேவைப்படுகிறார். அதற்காகத்தான் தோரின் காதலி ஜேன் ஃபாஸ்டரை அந்த மலைக்கு வரவழைக்கிறார்கள், அவரைத் தேடித்தான் தோர் அங்கே போகிறார். புலியும் ஆடும் நாயுமாக இருந்தவர்கள் உட்கார்ந்து பாடம் கேட்கிற வகுப்பறை! என்ன கேள்வி கேட்டிருப்பார்கள்? தாங்கள் முன்பு என்னவாக இருந்தோம் என்று அவர்களுக்கு நினைவிருந்ததா? ஒரு முழுத் தொடர் எழுதலாம். ஆனால் கதை அந்த வகுப்பறையை அப்படியே விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடுகிறது.

சண்டை யாரோடு? ஓநாயோடு. விண்டாமின் கவனம் பிசகிய நேரத்தில் எந்திரத்துக்குள் இருந்த ஓநாய் அளவுக்கு மீறிப் பரிணமித்து மேன்-பீஸ்ட் என்ற வில்லனாக வெளியே வருகிறது. அதன்பிறகு அவன் பிறவியிலேயே தீயவன், அவ்வளவுதான். 1972இல் ஆடம் வார்லாக் என்ற இன்னொரு மார்வெல் நாயகனின் கதையில் விண்டாம் இன்னொரு பூமியையே படைக்கிறார், அதையும் கெடுக்க இதே ஓநாய்தான் வருகிறான். இது எனக்கு ஒப்பவே ஒப்பாது. கவனம் தவறியது எந்திரத்தை இயக்கியவருக்கு, பழி மட்டும் உள்ளே கிடந்த ஓநாய்க்கா? நிஜ ஓநாய் குடும்பமாக வாழ்கிற, குட்டிகளைக் கூட்டமே சேர்ந்து வளர்க்கிற விலங்கு. அதைக் கூட்டத்திலிருந்து பிரித்துக்கொண்டுவந்து, அதன் சம்மதம் இல்லாமல் வேறொன்றாக மாற்றினால் கோபம் வராமல் என்ன வரும்? அந்தக் கோபத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம். படைத்தவரைச் சோக நாயகராகவும் ஓநாயை அரக்கனாகவும் காட்டுவது சோம்பேறித்தனமான எழுத்து.

சரி, இந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும் எழுத்தாளர்கள் அருமையாகச் செய்திருக்கிறார்கள். போவா. பசுவாக இருந்து பரிணமித்தவள், வுண்டகோரின் மருத்துவச்சி. ராய் தாமஸ் எழுதிய 1974 ‘ஜயண்ட்-சைஸ் அவெஞ்சர்ஸ்’ முதல் இதழில் வருகிறாள். ஆயுதம் கிடையாது, சக்தி கிடையாது. பிரசவம் பார்ப்பாள், பிள்ளை வளர்ப்பாள்.

அவளுடைய முக்கியமான காரியம் 1979இல் ‘அவெஞ்சர்ஸ்’ 185 முதல் 187 வரை வந்த கதையில் தெரியவருகிறது. மேக்டா என்ற கர்ப்பிணி புருஷனுக்குப் பயந்து மலைக்கு வந்து சேர்கிறாள். போவா பிரசவம் பார்க்கிறாள், இரட்டைக் குழந்தைகள்: பின்னால் ஸ்கார்லெட் விட்ச், குவிக்சில்வர் என்ற பெயர்களில் அவெஞ்சர்ஸில் சேரும் வாண்டாவும் பியட்ரோவும். தாய் பிள்ளைகளை விட்டுவிட்டு மலையை விட்டே போய்விடுகிறாள். அதே மலைக்கு விஸ்ஸர் என்ற பழைய சூப்பர் ஹீரோவும் தன் கர்ப்பிணி மனைவியோடு வருகிறார். அந்தக் குழந்தை இறந்தே பிறக்கிறது, மனைவியும் இறந்துவிடுகிறாள். இங்கே போவா என்ன செய்கிறாள் தெரியுமா? அநாதையாகக் கிடக்கிற இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய், இவை உங்கள் பிள்ளைகள் என்று அந்த மனிதரிடம் பொய் சொல்கிறாள்.

அந்தப் பொய்யை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மனசு நிறைகிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் ஒரு பக்கம், பிள்ளை இழந்த தகப்பன் ஒரு பக்கம். யாரும் கட்டளை போடவில்லை, எந்த எந்திரமும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளே யோசித்து, தப்போ சரியோ, ஒரு முடிவு எடுக்கிறாள். அது பலிக்கவில்லை, துக்கம் தாங்காமல் அந்த மனிதர் ஓடிவிடுகிறார் என்பது வேறு. பின்னால் ஸ்பைடர்-வுமன் ஜெசிகா ட்ரூவையும் இவள்தான் வளர்க்கிறாள். படைத்தவரின் கைகளைவிட இவள் கைகளில்தான் அந்த மலையின் பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள்.

விலங்குகளின் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொன்னதற்காகவே 2023இல் வந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ மூன்றாம் பாகத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். வுண்டகோர் அதில் இல்லை, போவா இல்லை. ஆனால் ஹை எவல்யூஷனரி பரிசோதனை செய்து கூண்டுக்குள் அடைத்த விலங்குகளான ராக்கெட், லைலா, டீஃப்ஸ், ஃப்ளோர் நால்வரும் படுத்துக்கொண்டு தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொள்கிற காட்சி இருக்கிறதே! தரையில் படுத்திருப்பதால் ஃப்ளோர், பல் இருப்பதால் டீஃப்ஸ். அதுவரை ராக்கெட்டுக்கு இருந்தது 89பி13 என்ற எண் மட்டும். அப்புறம், தனக்கு விளங்காத கோளாறை ராக்கெட் தீர்த்துவைத்ததும் ஹை எவல்யூஷனரிக்குப் பெருமை வரவில்லை, ஆத்திரம் வருகிறது. சுக்வுடி இவூஜி அந்த ஆத்திரத்தை நடித்திருக்கும் விதத்தில் அந்த ஆளின் முழு யோக்கியதையும் தெரிந்துவிடுகிறது. தன் படைப்பு தன்னைவிட நன்றாக யோசித்துவிட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. காமிக்ஸில் இவ்வளவு காலம் பூசி மெழுகியதை இயக்குநர் ஜேம்ஸ் கன் பட்டவர்த்தனமாகக் காட்டிவிட்டார்.

அதற்கு முந்தின வருஷம் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ இரண்டாம் பாகத்தில் வுண்டகோர் மலையே வந்தது, வாண்டாவும் அங்கே போகிறாள். மந்திரக் கோயிலாக மட்டும் காட்டிவிட்டார்கள். அந்த மலைக்கு வாண்டா வந்து நிற்கும்போது அவளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி அங்கே இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மார்வெல் இனி நியூ மென்னைத் தொடுவதாக இருந்தால், இன்னொரு படையெடுப்புக் கதை வேண்டவே வேண்டாம். போவா சொல்கிற கதையாக எழுதட்டும். ஜேன் ஃபாஸ்டரின் வகுப்பறையைத் திரும்பத் திறக்கட்டும். ஓநாயையும் அந்த வகுப்பில் ஒரு ஓரமாக உட்காரவைத்து, அவன் பேச வேண்டியதை முழுசாகப் பேசவிடட்டும். அப்படி ஒரு தொடர் வந்தால் முதல் இதழிலிருந்து கடைசி இதழ்வரை காசு கொடுத்து வாங்க நான் தயார்.